அக்கா கையில் ஒரு மாதம் இருந்த வாட்ச்

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரைக் கையால் அடித்தால் எழும்புகிற நுரைக்கு ஒரு வாசனை உண்டு. புளிப்பும் கசப்புமாக, பல நாள் பூட்டிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. பட்டு அலச, வெள்ளி துலக்க, தங்க நகை கழுவ என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு டப்பாவில் அந்தக் கொட்டை கிடக்கும், அதைக் கண்டு பயப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அந்த வாசனை மூக்கில் ஏறின உடனே, எதையோ தண்ணீருக்குள் போட்டுவிட்டோம், எடுப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது என்று மனசு அடித்துக்கொள்ளும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் போகவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்குச் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் பியூன் வேலை. அக்கா கோமதி என்னைவிட ஏழு வயது மூத்தவள்; அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் அவளுக்கு நிச்சயதாம்பூலம் நடந்தது. மாப்பிள்ளை ராயகிரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருப்பார்கள். ஒரே மகன், நஞ்சையும் புஞ்சையுமாக நிறைய நிலம், மூன்று கிணறு. அப்பா நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் வந்தார். விசாரித்த நாலு பேரும் நிலத்தைச் சொன்னார்கள், பம்புசெட்டைச் சொன்னார்கள், மாப்பிள்ளை பீடி சிகரெட் தொடமாட்டான் என்று சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஒரு நகை போடுவது எங்கள் வழக்கம். மோதிரமோ, மெல்லிசாக ஒரு சங்கிலியோ போடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் பையிலிருந்து சிவப்புத் துணி ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தபோது கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு வாட்ச். பொம்பளைகள் கட்டுகிற சின்ன வாட்ச். முகம் ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தங்க மூடி, தங்க நிறத்தில் செயின், வெள்ளை டயலில் எறும்புக் கால் மாதிரி எண்கள். எங்கள் தெருவில் அது மாதிரி யாரும் கண்டதில்லை. அவர்கள் வீட்டு அய்யா ஒருத்தர் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கி வந்தது என்றும், வீட்டுக்கு வருகிற மருமகளுக்குப் போடுகிறது என்றும் சொன்னார்கள்.

அந்த அம்மா அக்காவின் கையில் அதை மாட்டிவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “நாள் தவறாம காலைல சாவி கொடுக்கணும் மக்கா. இருவது திருகு, அதுக்கு மேல திருகக் கூடாது. முள்ளைப் பின்னால திருப்பக் கூடாது. கைல பவுடர் போட்டுட்டுக் கட்டக் கூடாது. அடுப்படிக்கும் கெணத்தடிக்கும் கட்டிட்டுப் போகவே கூடாது, பாத்துக்கோ. வெளிய தெருவ போகும்போது மட்டுந்தான்.”

அக்கா தலையை ஆட்டினாள். தலையை ஆட்டின பிறகும் அந்த அம்மா கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் அந்த வாட்ச்தான் ராஜா. காலையில் அக்கா குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து, விரல் நுனியால் “கிர்ர், கிர்ர்” என்று சாவி கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று இருபது எண்ணுவேன். பிறகு ஆளுக்கு ஒரு தடவை காதில் வைத்துக் கேட்போம். அப்பாவின் ஸ்டீல் வாட்ச் சத்தம் போட்டு ஓடும். இது மூச்சுவிடுகிற மாதிரி ஓடும். காதோடு அழுத்தி வைத்தால்தான் கேட்கும். சில நாள் கேட்காது. நின்றுவிட்டதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், அந்த அடிப்பில் வாட்ச் சத்தம் இன்னும் கேட்காது. “ஏட்டி, ஒன் நெஞ்ச மொதல்ல நிப்பாட்டு, அப்பத்தான் வாச்சு கேக்கும்” என்று அக்கா சிரிப்பாள்.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிற்று. தபசு அன்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், சாமி அம்பாளுக்குக் காட்சி கொடுப்பதைப் பார்ப்பதாகப் பேச்சு. அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூட்டத்தில் இருப்பார்கள், பெண்ணை அவர்கள் கண்ணில் காட்ட வேண்டும். ஆகவே அம்மா நகையை எல்லாம் எடுத்துக் கழுவச் சொன்னாள். தபசுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒரு அலுமினியச் சட்டியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரை நுரைக்க அடித்து என் முன்னால் வைத்துவிட்டு, “எல்லாத்தையும் ஊறப் போட்டு, பழைய பல்லு பிரசால தேயி, நான் மாவு அரைச்சிட்டு வந்திருதேன்” என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனாள்.

எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். அம்மாவின் வளையல், அக்காவின் சங்கிலி, என் தோடு. அக்கா பீரோவிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, “செயின் இடுக்குல அழுக்கு சேந்திருக்குட்டி, அவிய பாத்தா ஏதாவது சொல்லுவாவ” என்று வாட்சை என் கையில் கொடுத்தாள். நானும் போட்டேன். இதை இப்போது எழுதும்போது யாராவது இவ்வளவு கூடவா தெரியாது என்று கேட்கலாம். எங்களுக்கு அப்பாவின் வாட்ச்தான் வாட்ச். அது மழையில் நனைந்தால் அவர் பதறுவார். இது தங்கம், தங்கம் என்றால் நகை, நகை என்றால் பூந்திக்கொட்டை. கிணற்றடிக்குக் கட்டிக்கொண்டு போகாதே என்று அந்த அம்மா சொன்னதை, கழன்று உள்ளே விழுந்துவிடும் என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம். தண்ணீர் ஆகாது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எவ்வளவோ சொன்னவள் அதை மட்டும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் ஊறியிருக்கும். எடுத்துத் துடைத்தபோது தங்கம் பளபளவென்று இருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அக்கா காதில் வைத்தாள். பிறகு என் காதில் வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை.

“அம்மாட்ட சொல்லிராதட்டி” என்றாள் அக்கா. அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. “வீட்டுக்குள்ள கால் வைக்கதுக்கு முன்னாடியே நேரத்த நிப்பாட்டிட்டாளேன்னு சொல்லுவாவ. காலத்துக்கும் சொல்லுவாவ.”

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்து, கைக்குட்டையில் சுற்றின வாட்சோடு ரத வீதிக்கு ஓடினேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப்பெட்டி வைத்து ஒரு அண்ணாச்சி வாட்ச் ரிப்பேர் பார்ப்பார். நெற்றியில் எப்போதும் ஒரு பட்டை. அந்தப் பட்டையில் கண்ணுக்கு மேலே ஒரு லென்ஸ் தூக்கி விட்டிருக்கும். அப்பாவின் வாட்சும் அங்கேதான் போகும்.

அவர் மெல்லிசான ஒரு கத்தியை மூடி இடுக்கில் கொடுத்து நெம்பினார். ஒரு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது. பின்னாலேயே இரண்டு மூன்று குமிழி.

“என்னட்டி இது, நுரை தள்ளுது?”

“பூந்திக்கொட்டைத் தண்ணில ஊறப் போட்டோம் அண்ணாச்சி.”

“வாச்சு என்ன உளுந்தாட்டி ஊறப் போட? அரைச்சு வடை சுட்டிருக்க வேண்டியதுதான?” என்று அவர் சொன்னதும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறிச் சிரித்தார். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “அழாத. மெஷினு நல்ல மெஷினு. பிரிச்சு பெட்ரோல்ல அலசி எண்ணெய் விட்டா ஓடிரும். ஒரு நாளுக்குள்ள கொண்டாந்தியே, அதுவே பெருசு. நாலு நாள் போட்டிருந்தா துரு தின்னிருக்கும்.”

பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறதற்காகவோ என்னவோ, லென்ஸை என் கண்ணில் வைத்து, பின்மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். “இங்கன பாரு. என்ன தெரியுது?”

எழுத்துக்களுக்கு நடுவே, அரிசி முனை அளவுக்கு, வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு அணில்.

“அந்த அணில் இருந்தா பதினாலு காரட்டு. பொம்பளத் தலை இருந்தா பதினெட்டு. சீமைக்காரன் முத்திரை. மூடி அசல் தங்கம், செயினு மட்டும் பூச்சு. அத வீட்டுல சொல்லிராத, வாச்சு வாயடச்ச மாதிரி ஒங்க அம்மையும் வாயடச்சுப் போவா.” அவரே சிரித்துக்கொண்டு மூடியை வாங்கி, லென்ஸை இறக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். “இந்தக் கீறல் எல்லாம் தெரியுதா? முன்னால ரிப்பேர் பாத்தவனுவ எழுதி வச்சது. ஊசியால மாசமும் வருசமும் கீறி, ஆளுக்கொரு அடையாளம் போட்டிருப்பானுவ. இது கொழும்புக்காரன். இது மதுரை. இது...”

அதோடு நிறுத்தினார். மூடியை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சிரிப்பு முதலில் கண்ணிலிருந்து போனது, பிறகு வாயிலிருந்து போனது.

“இது நான் போட்ட கீறல்” என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. லென்ஸைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “இது யாரு வாச்சு?”

“எங்க அக்காளுக்கு மாப்பிள்ள வீட்டுல போட்டது.”

“எந்த ஊரு மாப்பிள்ள?”

சொன்னேன். அவர் மேஜையில் கிடந்த தண்ணீர்ச் சொட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“அப்பாவ வரச் சொல்லு.”

“அப்பாவுக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா அடிப்பாவ.”

“அடிய வாங்கிக்கிட்டாவது வரச் சொல்லு” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சாயந்திரம் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு ஆத்திரம் வந்தது. “அவரு ஏதோ பெருசா ஆயிட்டுன்னு அப்பாட்ட சொல்லப் போறாரு. நீ சரியாக் கேக்கலட்டி. ஓடுச்சுன்னா வாங்கிட்டு வா, இல்லைன்னா அப்படியே வாங்கிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்.” அம்மா நடுவில் வந்து வாட்ச் எங்கே என்று கேட்டபோது, “பீரோவுல இருக்கும்மா” என்று கண்ணை எடுக்காமல் பூக் கட்டிக்கொண்டே சொன்னாள். அக்கா பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஓடினேன். வாட்ச் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. சின்ன முள் நகர்வது தெரிந்தது. “ஓடுது” என்றார் அண்ணாச்சி. “ஆனா ஒங்கைல தரமாட்டேன்.” நான் அங்கேயே நின்றேன். அவர் வேறு ஏதோ வாட்சைக் குனிந்து பார்த்துக்கொண்டு, தலை நிமிராமல், “அக்காளுக்குக் கல்யாணம் என்னைக்கு?” என்று கேட்டார். ஆவணி முதல் முகூர்த்தம் என்றேன். “அதுக்குள்ள ஒங்க அப்பா இங்கன வந்துரணும் மக்கா. வரலைன்னா நான் கடையப் பூட்டிட்டு வாரேன்.”

அவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய் நான் கண்டதில்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். வழியெல்லாம் தபசுக் கடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராட்டினத்துக்குக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்சில் ஏதோ இருக்கிறது, அது அக்காவைப் பற்றினது, எனக்கு மட்டும்தான் அது இருப்பது தெரியும், அது என்ன என்பது எனக்கே தெரியாது. பன்னிரண்டு வயதில் அந்தப் பாரம் கொஞ்சம் கூடுதல்தான். மறுநாள், தபசுக்கு முதல் நாள், சாயங்காலம் அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடி விழும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா அடிக்கவில்லை. துடைத்த துணியைக் கேரியரில் போட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் வாட்சோடு திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா கொடுத்த காப்பியை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். அடுப்படி வாசலில் நானும் அக்காவும் நின்றோம். எங்களைப் போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மெதுவாக, ஆபீஸில் மனு வாசிக்கிற மாதிரி, சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மழையில் இதே வாட்சை மாப்பிள்ளையின் அப்பா அண்ணாச்சியிடம் கொண்டுவந்திருக்கிறார். கண்ணாடிக்கு உள்ளே பச்சைப் பாசி. இது எப்படி என்று அண்ணாச்சி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்பா அப்படியே திருப்பிச் சொன்னார்: “மருமவ கைல கெடந்ததுவே. கெணத்துல விழுந்துட்டா. மனுசியத்தான் காப்பாத்த முடியல, வாச்சாவது தேறுதான்னு பாரும்.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“அவருக்கு ஒரே மகன்தான?” என்றார் அப்பா.

மாப்பிள்ளைக்கு முன்னமே ஒருத்தி இருந்திருக்கிறாள். அந்த வாட்சைக் கட்டியிருக்கிறாள். அது கையில் கிடக்கத்தான் செத்திருக்கிறாள். அம்மா பேச ஆரம்பித்தபோது நான் எதிர்பார்த்ததை அவள் பேசவில்லை. பத்திரிகை அடித்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று என்றாள். இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள் உலகத்தில் இல்லையா என்றாள். “கால் வழுக்கி விழுந்திருப்பா. பாவம், விதி. அதுக்கு அந்தப் பையன் என்ன செய்வான்? நின்ன கல்யாணத்துக்காரின்னு இவளுக்குப் பேராயிட்டுன்னா பெறவு எவன் வந்து கேப்பான், சொல்லுங்க?” அப்பா, “மறைச்சிருக்கானுவளே” என்றார். “நாளைக்கு அந்த அம்மா வரட்டும், கேப்போம். கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்” என்றாள் அம்மா. அக்கா இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அது வாட்ச் கட்டுகிற கை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

தபசன்று காலையிலேயே ஊர் நிறைந்துவிட்டது. காட்சி நேரத்தில் எறிவதற்காகத் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் வற்றலும் கட்டின துணி மூட்டைகளோடு சம்சாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு அந்த அம்மா வந்தாள், தலை நிறையப் பூவோடு, தட்டில் பழத்தோடு. உட்காருவதற்கு முன்னாலேயே அக்காவைப் பார்த்து, “எங்கட்டி வாச்சு? கட்டலியா?” என்று சிரித்தாள்.

அப்பா பெட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் எடுத்து, பழக்கப்பட்ட மாதிரி, காதில் வைத்தாள். “ஓடுதே!” என்றாள்.

“ஓடுது மதினி. எங்க பிள்ளைய விவரம் இல்லாம தண்ணில போட்டுட்டுதுவ. ரிப்பேர்காரர் சொல்லுதாரு, இது தண்ணி குடிக்கது ரெண்டாவது தடவையாம். மொதல் தடவ எங்க குடிச்சுது?”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே காய்ந்த மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பழத்தட்டைக் கீழே வைத்தாள்.

“கெணத்துல தண்ணி எடுக்கப் போனா. காலைல. கால் வழுக்கிட்டு. நடந்தது நடந்துட்டு. எங்களுக்கு மட்டும் ஆசையா?” என்றாள். பிறகு குரல் ஏறியது. “சொன்னா நீங்க பொண்ணு தந்திருப்பியளா? எவந்தான் தருவான்? என் மகன் காலம்பூரா மொட்ட மரமா நிக்கணுமா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். முந்தின நாள் அவ்வளவு வாதாடின அம்மா இப்போது சமாதானமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா சுவரில் சாய்ந்து நின்றவள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லாமல், புரியாத கணக்கைக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“தண்ணி எடுக்கப் போறவ எதுக்கு மதினி இந்த வாச்சைக் கட்டிக்கிட்டுப் போனா?”

வெளியே மேளச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா அவளைப் பார்த்தாள். “வெளிய போகும்போது மட்டும் கட்டணும்னு நீங்கதான சொன்னிய?” என்றாள் அம்மா. “அன்னைக்கு அவ எங்கயோ போகல்லா கெளம்பியிருக்கா? அவ அம்ம வீட்டுக்கா?”

எங்கே கிளம்பினாள், யார் தடுத்தார்கள், கிணற்றடிக்கு அவளாகப் போனாளா என்று அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நின்ற கேள்விகளை யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அந்த அம்மா வாட்சைத் திருப்பி, சாவியைப் பிடித்து, கிர்ர் கிர்ர் என்று நாலைந்து திருகு கொடுத்தாள். அன்றைக்கு இன்னும் சாவி கொடுக்கவில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெட்டியில் வைத்து மூடி, பையில் போட்டுக்கொண்டாள்.

“ஊருல பொண்ணா இல்ல?” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனாள். பழத்தட்டு எங்கள் வீட்டில் கிடந்தது. அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை, மாட்டுக்கும் போடவில்லை.

கல்யாணம் நின்றது. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சின்னவள் நகையைத் தண்ணீரில் போட்டுப் பெரியவள் வாழ்க்கையைக் கெடுத்தாள் என்றும் ஒரு பேச்சு ஓடிற்று. அக்கா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பயந்தாளா, வருத்தப்பட்டாளா, எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. மூன்று வருஷம் கழித்து கரிவலம்வந்தநல்லூரில் அவளுக்கு நல்ல இடம் அமைந்தது, இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என்னை அந்த வருஷமே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் பெரியவளானது ஒரு காரணம்; சாப்பாட்டு மணியில் ரத வீதியில் ஓடித் திரிந்ததை நாலு பேர் அம்மாவிடம் சொன்னது இன்னொன்று. எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பாதியில் மூடினவள்தான். பிறகு தையல் படித்தேன், அதுதான் இன்றுவரை சோறு போடுகிறது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. அக்கா தப்பித்ததை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தை மாதம் பிறப்பதற்கு முன்னால் அப்பா ஆபீஸிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். கூட வேலை பார்க்கிறவருக்கு வந்தது. அவர் அப்பாவிடம் காட்டிவிட்டு அப்பா கையிலேயே விட்டுவிட்டார். மாப்பிள்ளை பெயரைப் பார்த்ததும் அம்மா வாயில் கை வைத்தாள். அதே வீடு. பெண் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். பெயர் செண்பகம். தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் தெருவும் பத்திரிகையில் அச்சடித்திருந்தது.

“ஒரு வார்த்த சொல்லிருவமா?” என்று அம்மா கேட்டாள். அப்பா பத்திரிகையை மடித்தார். “நம்ம சொன்னா, கல்யாணம் நின்ன வயித்தெரிச்சல்ல சொல்லுதாவன்னு ஆயிரும். நாளைக்கு நம்ம பிள்ளைக்கு இடம் பாக்கணும்லா. நமக்கு எதுக்கு?” என்று சொல்லி அதை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தப் பயம்தான் எனக்கும் வந்திருக்கிறது.

நான் ஒரு தபால் கார்டு எழுதினேன். அப்பாவின் கார்டுகளில் ஒன்றை எடுத்து, பத்திரிகையைப் பார்த்து விலாசத்தை எழுதி, அந்த வீட்டு வாட்சின் பின்மூடியைத் திறந்து பாருங்கள், அந்த வாட்சைக் கட்டினவள் கிணற்றில் செத்தாள், என்று இரண்டே வரி. கையெழுத்தில்லை. எழுதி முடித்த உடனே பயம் பிடித்தது. எழுத்தைப் பார்த்து சின்னப்பிள்ளை எழுதினது என்று கண்டுபிடிப்பார்களோ, தபால் முத்திரையில் சங்கரன்கோவில் என்று இருக்குமே, அந்த அம்மா மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பாளோ. நாளைக்குப் போடலாம் என்று டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்தேன். தினமும் எடுத்துப் பார்ப்பேன். தினமும் நாளைக்கு என்பேன். பத்திரிகையில் இருந்த தேதி வந்தது, போனது. அன்று மத்தியானம் நான் கார்டை அடுப்பில் போட்டேன்.

இப்போது ரத வீதியில் அந்த மாடிப்படிக்குக் கீழே செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி போய்ப் பல வருஷம் ஆயிற்று. சாவி கொடுக்கிற வாட்சை யாரும் கட்டுவதில்லை, கட்டினாலும் நின்றுவிட்டால் தூக்கிப் போடுகிறார்கள். பின்மூடியைத் திறந்து யார் கையில் இருந்தது, எந்த மாதம் எந்தத் தண்ணீர் குடித்தது என்று பார்க்க ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. பஸ்ஸில் அக்கா வயதுக்காரி யாராவது பழைய தங்க வாட்ச் கட்டியிருந்தால் மட்டும், என் கண் அவள் முகத்துக்குப் போகாமல் மணிக்கட்டிலேயே நிற்கிறது.

போன தை மாதம் ராயகிரி தாண்டி ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் அந்த ஊரில் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நானும் இறங்கினேன், ஏன் இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. அப்பா சொல்லி எனக்கு அந்த வீட்டின் அடையாளம் தெரியும், ஊர்க் கிணற்றுக்கு எதிரே. கிணறு இல்லை. மூடி, மேலே சிமெண்ட் பூசி, அதில் ஒரு செல்போன் டவர் நின்றது. வீட்டில் பாதிதான் இருந்தது. கதவில் பூட்டு, பூட்டில் துரு. எதிரே வடை போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், யாரோ தூரத்துச் சொந்தக்காரி மாதிரி குரலை வைத்துக்கொண்டு, “இந்த வீட்டு மருமக இப்ப எங்க இருக்காவ?” என்று கேட்டேன்.

அவள் கரண்டியை எண்ணெயில் அப்படியே நிறுத்திவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எந்த மருமவளக் கேக்கிய?”

செண்பகம் என்கிற பெயர் என் வாயில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் பதில் வந்திருக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஓடிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.